என் மூக்கும் எங்கள் வீட்டு கேஸ் டியூபும்

அந்த நாற்றம் தோல் பதனிடுகிற டேனரியிலிருந்துதான் வருகிறது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. நம்பி, எழுந்து போய், வீட்டிலிருந்த ஜன்னல் அத்தனையையும் என் கையாலேயே இழுத்துச் சாத்தி, கொக்கி மாட்டி, அதுவும் போதாதென்று அடுப்படியின் பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இனிமே ஒண்ணியும் உள்ள வராது" என்று மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன். உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகவும் போகாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவனை இதற்காக முழுசாகத் திட்ட முடியாது. பாதி திட்டலாம். எங்கள் தெருவில் காற்று திசை மாறினால் ஜன்னல் சாத்துவோம். மற்ற ஊர்களில் தூறல் விழுந்ததும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு வீட்டில் 'டப்'பென்று சத்தம் கேட்டால் வரிசையாக எல்லா வீட்டிலும் கேட்கும். வெளியூர் விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுளிப்பார். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, காபியை நீட்டி, "எங்களுக்குச் சோறு போடற வாசனைங்க" என்போம். அவரும் அதற்கு மேல் பேச முடியாமல் காபியைக் குடிப்பார். எங்கள் ஊர் வரவேற்பு இப்படித்தான்.

என் விஷயத்தில் இன்னொரு கூடுதல் கொழுப்பும் உண்டு. நான் வேலை பார்ப்பது ஷூ கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். தோல் லாட் வந்து இறங்கினால் முதலில் என் மூக்குதான் அதைப் பார்க்கும். ஒரு தோலை எடுத்து மடித்து முகர்ந்துவிட்டு, "பூஞ்சை வாடை அடிக்குது, தனியா வைங்க" என்று சொல்வேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி பாதி நேரம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியதில், மாவட்டத்திலேயே சிறந்த மூக்கு என்னுடையது என்று ஒரு எண்ணம் எனக்குள் உட்கார்ந்து சப்பணம் போட்டுக்கொண்டது. நாளெல்லாம் தோலும் பசையும் சாயமும் முகர்ந்த மூக்கு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டுப் போய்விட்டது. எனக்குத்தான் தகவல் வரவில்லை.

இதில் சிரிக்க வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. கம்பெனியில் நான் பாதுகாப்புக் குழு உறுப்பினர். கையில் பச்சைப் பட்டி கட்டிக்கொண்டு, தீயணைப்புப் பயிற்சியின்போது மைக் பிடித்து, "ஓடக்கூடாது, கத்தக்கூடாது, பதறக்கூடாது" என்று தையல் பிரிவுப் பெண்களுக்குப் பாடம் எடுப்பேன். எந்த மெஷினுக்கு எப்போது எண்ணெய் விட்டார்கள், எந்த வயர் மேல் உறை உரிந்திருக்கிறது, பாய்லரை எப்போது நிறுத்திச் சுத்தம் செய்தார்கள் என்று கேட்டுக் கேட்டு மெயின்டனன்ஸ்காரர்களைப் பேஜார் பண்ணுவேன். வெளிநாட்டிலிருந்து ஆடிட் வந்தால் அவர்களோடு முன்னால் நடப்பதும் நான்தான்.

அதே ஆள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் வேறு ஆள்.

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு ரொம்ப நாளாகவே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. குக்கர் அடி கரி பிடித்தது. "பர்னர் ஓட்டையெல்லாம் அடைச்சிக்கினு இருக்குது, டியூபும் பழசாயிடுச்சி, ஆள் வரச் சொல்லுங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளும் தவறாமல் வந்தன. அவை மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஒரு தடவை கேஸ் ஏஜென்சியிலிருந்தே சோதனை செய்ய ஒருவர் வந்தார். நான் கேட்டிலேயே நின்று, "எல்லாம் ஓகேதான் சார், நல்லா எரியுது" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நல்லா எரிகிறது என்பது அடுப்புக்குப் பெரிய சான்றிதழ் என்று நினைத்திருந்தேன். வீடு எரிந்தாலும் நல்லாத்தான் எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி சத்துவாச்சாரியிலிருந்து பைக்கில் வந்திருந்தான். அவனுக்கு அக்கா மேல் பாசம் பொங்குவது பெரும்பாலும் ஞாயிறு மதியம், பிரியாணி நேரத்தில்தான் என்று நான் சொல்வது வழக்கம். அவன் மறுப்பதில்லை. பிரியாணி கடையிலிருந்து வந்துவிட்டதால் அன்று மதியம் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. காலையில் இட்லி இறக்கியதோடு சரி. ஆனால் சிலிண்டரை மூடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ரெகுலேட்டர் எப்போதும் திறந்தேதான் இருக்கும். திரும்பத் திறப்பது சிரமம் பாருங்கள்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்திரிக்காயை வழித்துச் சாப்பிட்டு முடித்து, கை கழுவ அடுப்படிக்குப் போன மச்சான் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"இன்னா மாமா, இங்க இப்டி நாறுது?"

"டேனரி, மச்சான். ஆம்பூருக்குப் புதுசா நீ?"

"அதில்ல மாமா. இது வேற மாதிரி கீது. முட்டை அழுகின மாதிரி."

"டேனரின்னா இன்னா, மல்லிப்பூ மாதிரியா அடிக்கும்?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமயாச்சே, டேனரி லீவுதானே?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல மனிதன் நின்று யோசித்திருப்பான். நான் பல் குத்திக்கொண்டே, "நேத்து கெளம்பின நாத்தம் இன்னிக்குத்தான் வந்து சேரும். நம்ம ஊரு பாசஞ்சர் வண்டி மாதிரி" என்றேன். அவன் சிரித்துவிட்டான். என்னைப் போன்றவர்களிடம் இருக்கும் ஆபத்தே இதுதான். சொல்வது தப்பாக இருந்தாலும் எதிராளியைச் சிரிக்கவைத்துவிடுவோம். சிரித்த ஆள் அப்புறம் சண்டைக்கு நிற்க மாட்டான்.

பிறகுதான் நான் எழுந்து போய், முதலில் சொன்னேனே, அந்த ஜன்னல் வேலையைப் பார்த்தேன். முடித்துவிட்டு, பிரியாணி தின்றவன் செய்யும் அடுத்த காரியத்தைச் செய்தேன். ஃபேன் காற்றில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டேன்.

கேஸுக்குத் தன்னால் வாசனை கிடையாது. கசிந்தால் மனிதர்களுக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். நல்ல யோசனைதான். யோசித்த மகராசன் ஆம்பூரை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு டீ கேட்டேன். மனைவி ஈரத் தலையைத் துவட்டியபடி பின்பக்கமிருந்து பதில் சொன்னாள். "பால் இல்ல. ரெண்டு பேரும் கடையில குடிச்சிட்டு வாங்க. வர்றப்ப பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க, நான் அதுக்குள்ள வெளக்கேத்திட்றேன்."

நானும் மச்சானும் நடந்தே போனோம். எங்கள் டீக்கடை டேனரியின் பின்பக்கச் சுவருக்கு நேர் எதிரில் இருக்கிறது. நடுவில் ஒரு சாக்கடையும், சாக்கடை மேல் ஒரு பலகையும்தான். டீயை வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் அந்தச் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, இதான டேனரி?"

"ஆமா."

"இங்க கம்மியா கீது மாமா."

"இன்னா கம்மி?"

"நாத்தம். உங்க வீட்டு அடுப்படியிலதான் ஜாஸ்தி."

நான் மூச்சை இழுத்தேன். சாக்கடை வாடை வந்தது, பழைய தோல் வாடை லேசாக வந்தது, டீ மணம் வந்தது. அடுப்படியில் அடித்த அந்த அழுகிய முட்டை இல்லவே இல்லை. டேனரியை ஒட்டி நிற்கும்போது இல்லாத டேனரி நாற்றம், இத்தனை தெரு தாண்டி, சாத்திய ஜன்னலுக்குள் நுழைந்து, என் வீட்டு அடுப்பு மேடையில் மட்டும் எப்படிக் குடியிருக்கும்?

டீ டம்ளரைக் குடிக்காமலேயே கடைப் பலகைமேல் வைத்தேன்.

"மச்சான், அது கேஸு."

"அத்ததான மாமா நான் மத்தியானமே சொன்னேன்!"

"நீ முட்டைன்னுதான சொன்ன!"

அப்போதுதான் எனக்கு விளக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் சாமி மாடம் தனி அறையில் இல்லை. அடுப்படியிலேயே, அடுப்பு மேடைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் தீப்பெட்டியைக் கையில் எடுக்கும் நேரம். நான்தான் ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தேன். நான்தான் பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். அடைத்துவைத்த அந்த அறைக்குள் அவள் போய் நின்று ஒரு குச்சியை உரசப் போகிறாள்.

இனி என் வீரதீரங்களைச் சொல்கிறேன்.

முதலில் அவளுக்குப் போன் போட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும், செல்போன் மணியிலிருந்து பொறி பறந்து கேஸ் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயம் வந்து உடனே வெட்டினேன். அவள் திருப்பிக் கூப்பிட்டாள். அதையும் வெட்டினேன்.

"எடுங்க மாமா!" என்று மச்சான் கத்தினான்.

"எடுத்தா அங்க பத்திக்கும்!"

"பத்திக்கிறதுனா அக்கா டயல் பண்ணப்பவே பத்தியிருக்கும்! எடுத்துச் சொல்லுங்க, வெளக்கு ஏத்தாதன்னு!"

நியாயம்தான். எடுக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அவன் தன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிடப் போனான். நான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு போன்களும் என் கையில். இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. டீக்கடைக்காரர் நீட்டிய பால் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

ஓடக்கூடாது. கத்தக்கூடாது. பதறக்கூடாது. மைக் பிடித்துச் சொன்ன மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். வெளிநாட்டுக் கால்களுக்கெல்லாம் ஷூ செய்து அனுப்பும் கம்பெனியின் தரம் பார்ப்பவன், தேய்ந்த ரப்பர் செருப்பின் வார் அறுந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் தெருவுமாக, "வெளக்கு! வெளக்கு!" என்று கூவிக்கொண்டு போனேன். எதிர் வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "கரென்ட்டு போச்சா? எங்க வீட்ல கீதே" என்றார். நின்று விளக்கம் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே பாய்ந்தேன். அடுப்படி வாசலில் போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னச் சுடர், அசையாமல், அழகாக, மஞ்சளாக. அவளைக் காணவில்லை.

நான் கன்னத்தை உப்பி விளக்கை ஊதப் போனேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயய்ய, வெளக்க வாயால ஊதுவாங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

மனைவி மாடிப்படியிலிருந்து காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையில் போன். "நீங்களே கூப்டுவீங்க, நீங்களே கட் பண்ணுவீங்க. நான் கூப்டாலும் கட் பண்ணுவீங்க. இன்னா வெளயாட்டு இது?"

அதற்குள் மச்சான் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேடைக்கு அடியில் குனிந்து ரெகுலேட்டரை மூடினான். நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று புகை வெளியேற்றும் ஃபேனின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அவன் என் கையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தான். மாமாவை அடித்தோமே என்ற வருத்தம் அவன் முகத்தில் ஒரு துளியும் இல்லை.

"சுவிட்சத் தொடாதீங்க மாமா! அக்கா, கேஸு லீக்காவுது. வெளக்க அமத்து, வெளிய வா."

அவள் துணிகளைப் படியிலேயே போட்டாள். மாடத்திலிருந்த பூவில் ஒன்றை எடுத்துத் திரிமேல் வைத்து அமர்த்தினாள். மூவரும் பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றோம். பயிற்சியில் செய்வதுபோல எல்லோரும் வந்துவிட்டார்களா என்று நான் தலைகளை எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு, என்னைச் சேர்த்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். பால் பாக்கெட்டை இன்னும் கழுத்தைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தேன். மனைவிதான் விரலைப் பிரித்து அதை வாங்கினாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். நடுத்தர வயது, வாய் ஓயாத ஆள். சோப்புத் தண்ணீரைக் கலக்கி டியூப் முழுக்கத் தடவிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தார். அடுப்போடு டியூப் சேருமிடத்தில், வளைவுக்கு அடியில், குமிழி குமிழியாகக் கிளம்பியது. கண்ணுக்கு எளிதில் தெரியாத வெடிப்பு. மடக்கிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் வாங்கிய டியூப் பழுப்பாகி, வறண்ட ரொட்டி ஓரம் மாதிரி விறைத்திருந்தது.

"நாத்தம் வரலியா சார்?"

"வந்துச்சு. டேனரின்னு நெனச்சேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இந்த ஏரியால எல்லாரும் அதான் சார் சொல்றாங்க. எனக்கே மூக்கு போய் ரொம்ப நாளாச்சு. அதான் சோப்புத் தண்ணி" என்றார். பிறகு பர்னர்களைக் கழற்றிக் குண்டூசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தினார். உள்ளே இருந்து பொங்கிய பால், சாம்பார், இன்னதென்று அடையாளம் தெரியாத பழைய பண்டிகைகள் எல்லாம் கருகிக் கருகி உதிர்ந்தன. புது டியூப் மாட்டி, கிளிப்பை இறுக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. எங்கள் வீட்டு அடுப்புக்கு அந்த நிறம் வரும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

"டியூப் மேலயே தேதி போட்டிருப்பாங்க சார். அது முடியறதுக்கு முன்னாடி மாத்திடணும். தூங்கப் போறப்ப ரெகுலேட்டர மூடிடணும். அவ்ளோதான்" என்றார். இதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து நான் கம்பெனியில் சொன்னால் கை தட்டுவார்கள்.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு தடவை நானே கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு மேடைக்கு அடியில் தலையை நுழைக்கிறேன். பர்னரை நானே கழற்றிக் கழுவுகிறேன். ஏஜென்சியிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் போதும் போதும் என்றாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறேன். ஊரில் எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம், வீட்டு அடுப்படியில் எந்த நாற்றம் வந்தாலும் முதலில் சிலிண்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், டேனரியை அப்புறம் திட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவருகிறேன். என் மூக்கைப் பற்றி நான் பேசுவதில்லை.

மெக்கானிக் போன பிறகு ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. இட்லி இறக்கியதிலிருந்து கசிந்திருக்கிறது. வீட்டை நான் என் கையாலேயே அடைத்திருந்தேன். அவள் எரியும் குச்சியோடு உள்ளே நின்றிருக்கிறாள். பிறகு ஏன் எதுவும் ஆகவில்லை? அவளிடமே கேட்டேன்.

அவள் கணியம்பாடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். நாற்றம் வந்தால் வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நீங்க சாத்திட்டுப் படுத்தீங்க இல்ல? கொறட்ட வந்ததும் எல்லாத்தையும் நான் தொறந்துட்டேன். பின்கதவும்தான். டேனரி நாத்தத்த உள்ள வெச்சிப் பூட்டிக்கினு எவன் தூங்குவான்?"

"உனக்கும் டேனரின்னுதான் தோணுச்சா?"

"வேற இன்னா தோணும்?"

"சரி, வெளக்கு எப்ப ஏத்தின?"

"நீங்க ரெண்டு பேரும் டீ குடிக்க வாசலத் தாண்டினீங்க இல்ல, அப்பவே. ஏத்திட்டுத்தான் துணி எடுக்க மாடிக்குப் போனேன்."

நடந்தது இதுதான். டியூபில் வெடிப்பு விட்டிருந்தது, கேஸ் கசிந்தது, நான் எழுந்தபோதும் ஓடிவந்தபோதும் கவனிக்காமலே விட்ட கதவும் ஜன்னலும் திறந்திருந்ததால் சேர்ந்து நிற்காமல் வெளியே போய்விட்டது. அது கேஸ் என்று அவளுக்கும் தெரியாது. நான் டீக்கடையில் நின்று பதற ஆரம்பிப்பதற்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.